வழக்கேற்காத நிலையமும் ஒரு மகளும்: 'உடான்' தொடரை மீண்டும் காணுங்கால்

மலாய் மொழியில் 'மாத்தா' என்பது கண்ணைக் குறிக்கும் சொல். அதனை இரட்டித்து 'மாத்தா மாத்தா' என்று காவலரைக் குறிப்பது முற்காலத்து மலாய் வழக்கு. தோட்டப்புறத் தமிழரும் அச்சொல்லை ஏற்றுக் காவலரை 'மாத்தா' என்றனர். காக்கும் கண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். வேவு பார்க்கும் கண் என்றும் கொள்ளலாம். மலாக்கா மாநிலத்து லயங்களில் வாழ்ந்த முதியோர் பலர் இரண்டாவது பொருளிலேயே அதனை உணர்ந்தனர் எனல் மிகையாகாது. ஜாசினிலோ அலோர்காஜாவிலோ உள்ள நிலையத்துக்கு ஒரு முறையீட்டுடன் செல்வதென்றால், அன்றையப் பால்மரத் தொழிலாளிக்கு அது எளிய செயலன்று. நன்றாக மலாய் பேசும் ஒருவர் துணைக்கு வரவேண்டும். எழுத்தில் தரவேண்டிய மனுவாயின், தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். அவ்வாறு சென்றபின்னும் முறையீடு ஏற்கப்படுமா என்பது வேறு கேள்வி.

இக்கேள்வியையே கருவாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் ஒன்று இந்தியாவில் தோன்றியது. தூர்தர்ஷன் 1989ஆம் ஆண்டில் ஒளிபரப்பத் தொடங்கிய 'உடான்' என்னும் இந்தித் தொடரே அது. 'உடான்' என்றால் பறத்தல். அதனை எழுதியவரும், இயக்கியவரும், கல்யாணி சிங் என்னும் தலைமைப் பாத்திரமாக நடித்தவரும் ஒருவரே. அவர் கவிதா சௌத்ரி. அதற்கு முன்பு 'சர்ப்' சலவைத்தூள் விளம்பரத்தில், பேரம் பேசத் தெரிந்த 'லலிதாஜி' என்னும் இல்லத்தரசியாக வந்து நாடு முழுவதும் அறிமுகமானவர். சலவைத்தூள் விற்ற முகமே காவல் அதிகாரியின் தொப்பியை அணிந்தது, மக்களும் ஏற்றுக்கொண்டனர்.

கதை கற்பனையாயினும் அதன் வேர் அவர் வீட்டிலேயே இருந்தது. அவருடைய மூத்த சகோதரி காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா, 1973ஆம் ஆண்டு அணியில் இந்தியக் காவல் பணியில் சேர்ந்தவர். அப்பணியில் 1972இல் சேர்ந்த கிரண் பேடியே முதற்பெண், காஞ்சன் இரண்டாமவர். சொத்துத் தகராறு ஒன்றில் அவர்களுடைய தந்தை தாக்கப்பட்டபோது, காவல் நிலையத்தார் வழக்கைப் பதிவு செய்வதில் நாட்டம் காட்டவில்லை. அந்தப் புறக்கணிப்பே மகளைக் காக்கி உடையை நோக்கிச் செலுத்தியது. அவர் 2004ஆம் ஆண்டில் உத்தராகண்ட் மாநிலக் காவல்துறைத் தலைமை இயக்குநரானார். இந்தியாவில் ஒரு மாநிலத்தின் காவல்துறைக்குத் தலைமை தாங்கிய முதற்பெண் அவரே.

தமிழ் மக்களுக்குப் பெண் காவல் அதிகாரி என்றவுடன் நினைவுக்கு வருபவர் வேறொருவர். 1990ஆம் ஆண்டில் தெலுங்கில் 'கர்த்தவ்யம்' என வெளிவந்து, தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' எனக் குரல் மாற்றம் பெற்ற படத்தின் விஜயசாந்தியே அவர். அப்படத்திற்காக அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. வைஜெயந்தி சீறுகிறார், அடிக்கிறார், அடிபட்டும் எழுகிறார். கைதட்டலுக்குரிய காட்சிகள்தாம்; ஐயமில்லை. ஆனால் படம் தொடங்கும்போதே அவர் அதிகாரி. அந்த உடையை அணியும் எண்ணம் ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது, எத்தனை வாயில்களில் நின்றபின் வந்தது என்பதைச் சொல்ல இரண்டரை மணி நேரப் படத்தில் இடமில்லை. 'உடான்' அதற்கே பெரும்பகுதியைச் செலவிடுகிறது. பெண்ணாய்ப் பிறந்ததால் வீட்டில் மதிப்புக் குறைந்த சிறுமி, நிலத்தகராறில் சிக்கி நீதி கேட்டு அலையும் தந்தை, அலுவலக வாயில்களில் கழியும் நாட்கள் என்று கதை மெல்ல நகர்கிறது. இங்கே சண்டைக் காட்சியைவிடக் காத்திருப்பே மிகுதி.

மேலைநாட்டிலும் அந்தப் பத்தாண்டுகளில் காவல்துறை நாடகம் புதிய வழியில் சென்றது. 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' ஒரு நிலையத்தையே கதைத்தலைவனாக்கியது. ஒரு வாரத்துக் குற்றம் அந்த வாரமே தீர்ந்துபோகும் பழைய முறையை அது கைவிட்டது. பல கதைகள் பின்னி வாரக்கணக்கில் தொடர்ந்தன. கையிற் பிடித்த படக்கருவி நெரிசலுக்குள் புகுந்து சென்றது. முதலாண்டில் பார்த்தோர் குறைவு. எனினும் எட்டு எம்மி விருதுகள் கிடைத்தன. 1982இல் தொடங்கிய 'காக்னி அண்டு லேசி' இரு பெண் துப்பறிவாளரின் கதை. அடுத்த ஆண்டே நிறுத்தப்பட்ட அத்தொடரை, பார்வையாளர் எழுதிய கடிதங்களே மீட்டன. 1983 முதல் 1988 வரை ஆறு ஆண்டுகளும் சிறந்த நடிகைக்கான எம்மி விருது அதன் இரு நடிகையருள் ஒருவருக்கே சென்றது. இவ்விரு தொடர்களும் அதிகாரியின் மேசைக்குப் பின்னாலிருந்து உலகைப் பார்ப்பவை. 'உடான்' மேசைக்கு முன்னால், முறையீட்டாளர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறது. இதுவே அதன் தனிச்சிறப்பு.

இத்தகைய தொடர்களை ஒளிபரப்பான காலத்திலேயே வாரம் தவறாமல் பின்தொடர்வது தோட்டப்புறத்தில் எளிதாக இருந்ததில்லை. விடியுமுன் மரம் சீவச் செல்வோர் இரவில் நெடுநேரம் விழித்திருக்க இயலாது. தோட்டத்து மின்பொறி குறித்த நேரத்தில் நின்றுவிட்டால் திரையும் இருண்டுவிடும். எனவேதான் எண்பதுகளில் ஒளிநாடாப் பெட்டி வந்தபோது அதற்கு அத்தனை வரவேற்பு. பட்டணத்துக் கடையில் வாடகைக்கு எடுத்து வந்து, ஓய்வு நாளில், அண்டை வீட்டாரும் கூடியிருந்து பார்க்கலாம். அந்நாடாக்களில் மிகுதியும் தமிழ்த் திரைப்படங்களே. தூர்தர்ஷன் தொடரைத் தேடுவதற்கு இந்தி அறியாத தமிழருக்குக் காரணமும் இல்லை.

இன்று நிலைமை வேறு. 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' தொடரின் 146 பகுதிகளும் 2014ஆம் ஆண்டு குறுவட்டுத் தொகுப்பாக வெளிவந்தன. 'உடான்' 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்று முடக்கத்தின்போது தூர்தர்ஷனில் மறுபடியும் ஒளிபரப்பானது. இணையத்தின் வழியே வீட்டிலிருந்தும் காண இயல்கிறது. வார இதழில் தொடர்கதை படித்தவர்கள், அதே கதையின் தாள்களைக் கிழித்துத் தைத்துப் புத்தகமாக்கிப் படிக்கும்போது வேறொரு கதையைக் கண்டதுண்டு. வாரந்தோறும் முடிச்சுக்காக ஏங்கியபோது கவனியாத பாத்திரங்கள், ஒருசேரப் படிக்கையில் முன்வந்து நிற்கும். 'உடான்' தொடரிலும் அவ்வாறே நிகழ்கிறது. அன்று பேசப்பட்டவர் கல்யாணி. இன்று தொடர்ச்சியாகப் பார்ப்பவர் கண்ணில் நிற்பவர், விக்ரம் கோகலே நடித்த தந்தை. நிலத்தை இழந்தும் மகளைத் தாழ்த்தி நினையாத அந்த மனிதர் இல்லையேல் காக்கி உடையும் இல்லை. மகளை மேற்படிப்புக்கு அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோருடன் பேசிப் பழகிய தமிழாசிரியர்க்கு இப்பாத்திரம் பயன்படும்.

தொடரில் குறையும் உண்டு. சேகர் கபூர் நடித்த மாவட்ட ஆட்சியர் போன்ற நல்லவர் ஒருவர் தக்க நேரத்தில் வந்து சேர்கிறார். அதிகாரி நல்லவராயின் அலுவலகமும் திருந்தும் என்ற நம்பிக்கை கதை நெடுகிலும் ஓடுகிறது. 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' படைத்தோருக்கு அந்த நம்பிக்கை இல்லை. அங்கே நல்ல தலைவரின் கீழும் நிலையம் தடுமாறுகிறது. இவ்வகையில் அமெரிக்கத் தொடரே உண்மைக்கு அருகில் நிற்கிறது என்று சொல்லவேண்டும். காக்கி உடை அணிய மகள் இல்லாத வீட்டார் என்ன செய்வர்? 'உடான்' இதற்கு விடை கூறவில்லை.

விடை சட்டத்திலிருந்து வரவேண்டியிருந்தது. இந்தியாவின் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு, வாய்மொழியாகச் சொல்லப்படும் முறையீட்டையும் காவல் அதிகாரி எழுத்தில் பதிந்து, படித்துக்காட்டி, படியொன்றை இலவசமாகத் தரவேண்டும் என்றது. நிலையத்தார் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பவும் இடமளித்தது. ஆயினும் பதிவு செய்வதும் செய்யாததும் நிலையத்தாரின் விருப்பம் போலவே நடந்து வந்தது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாயின் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 2013ஆம் ஆண்டில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. கடத்தப்பட்ட ஒரு சிறுமியின் தந்தை, முறையீட்டை நிலையம் ஏற்காததால் தொடுத்த வழக்கு அது. இங்கும் ஒரு தந்தை, ஒரு மகள், ஒரு மேசை.

மலேசியாவில் இதற்கு ஈடானது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. வாய்மொழியாகச் சொன்னதை எழுத்திற் பதிந்து, சொன்னவருக்கே படித்துக் காட்டவேண்டும் என்று அது விதிக்கிறது. பின்னர்ச் சேர்க்கப்பட்ட 107ஏ பிரிவு, புலனாய்வு எந்நிலையில் உள்ளது என்று கேட்டறியும் உரிமையை முறையீட்டாளருக்கு வழங்குகிறது.

காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மும்பையில் காலமானார். கவிதா சௌத்ரி 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமிர்தசரசில் மறைந்தார். தமிழில் குரல் மாற்றம் பெற்ற 'வைஜெயந்தி'க்கு மலேசியத் தமிழ் வீடுகளில் கிடைத்த இடம், தமிழ் பேசாத கல்யாணிக்குக் கிடைக்கவில்லை.