மேற்குச் சாலைக் கல்லறையில் ரஷ்ய மாலுமிகள்

பினாங்கில் தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தல்கள் வரிசைகட்டும் சாலைகளில் ஒன்று ஜாலான் உத்தாமா. வெள்ளையர் காலத்தில் இதற்கு மேற்குச் சாலை என்று பெயர். இங்குள்ள பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் ‘ஜெம்சுக்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பலின் மாலுமிகள் 12 பேர் அடக்கம் செய்யப்பட்டு, அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டுள்ளது. அவர்கள் உயிரைப் பறித்தது ‘எம்டன்’. சென்னைக்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லாத ஜெர்மானியக் கப்பல் அது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன், ஐந்து வாரம் கழித்துப் பினாங்குக்கு வந்தது.

ஜெம்சுக் சாதாரணக் கப்பல் அல்ல. 1905இல் ஜப்பானியரிடம் ரஷ்யக் கடற்படை சிதறிப்போன சுஷிமா போரிலேயே தப்பிப் பிழைத்தது. அக்டோபர் 26 அன்று கொதிகலன்களைச் சுத்தம் செய்யப் பினாங்கில் நங்கூரமிட்டது. கப்பல் தலைவர் செர்காசோவ் பிரபு கரையிறங்கி ஓட்டலில் தங்கினார். குண்டுகளில் பெரும்பகுதி கீழே பூட்டிவைக்கப்பட்டிருந்தது. காவலும் பெயரளவுக்குத்தான். துறைமுக விளக்குகள்கூட அமைதிக் காலத்தைப் போலவே எரிந்துகொண்டிருந்தன.

28ஆம் தேதி விடியுமுன் எம்டன் உள்ளே நுழைந்தது. அதற்கு மூன்று புகைபோக்கிகள். அதன் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தியிருந்ததால், பிரிட்டிஷ் கப்பல் ‘யார்மத்’ போலத் தோன்றியது. ஜெம்சுக்கை நெருங்கியதும் ஜெர்மன் கொடியை ஏற்றி டார்ப்பிடோவை ஏவினார், பீரங்கிகளும் முழங்கின. உறங்கிக்கொண்டிருந்த மாலுமிகள் மேல்தளத்துக்கு ஓடிவந்தபோது குண்டுகள் எட்டும் இடத்தில் இல்லை. இரண்டாவது டார்ப்பிடோ கப்பலைப் பிளந்தது. எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். காயமுற்றோர் நூற்றுக்கும் மேல். நீரில் தத்தளித்தவர்களைப் படகுகள் கரைசேர்த்தன.

வெளியேறும் வழியில் எம்டன், எதிர்ப்பட்ட ‘மூஸ்கே’ என்ற சிறிய பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. ஆனால் அதில் உயிர்தப்பிய 36 பேரைத் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டது. எதிரிகளும் முல்லரை மதித்ததற்கு இத்தகைய நடத்தையே காரணம். நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ எம்டனின் கதையை முடித்தது.

செர்காசோவ் ரஷ்யாவில் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். பதவியும் பட்டமும் பறிபோயின, உயிர் மிஞ்சியது. அவருடைய அலட்சியத்துக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள், நள்ளிரவில் கரைக்குப் போக வாய்ப்பில்லாத சாதாரண மாலுமிகள். அவர்களில் சிலரின் கல்லறை பினாங்குக்கும் தலைநிலத்துக்கும் இடையே உள்ள ஜெரெஜாக் தீவிலும் உண்டு.

பின்னாளில் சோவியத் மாலுமிகள் மேற்குச் சாலை நினைவுச் சின்னத்தைச் செப்பனிட்டனர். இன்றும் ரஷ்யத் தூதரகத்தார் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். மற்ற நாட்களில் கூட்டம் கிடையாது. சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடமும் அல்ல. எம்டனின் குண்டு பட்ட இடத்தைக் குறிக்கும் கல்வெட்டைச் சென்னை உயர் நீதிமன்றச் சுவரில் பார்த்தவர்கள், பினாங்குக்கு வரும்போது தண்ணீர்மலை முருகனைத் தரிசித்த கையோடு இந்தக் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒருமுறை போய்வரலாம்.