தானா எரியாது.. ஆனா தீயை விடாது! ஒரு ரசாயனம் 'ஆக்ஸிடைசர்' என எப்படி முடிவு செய்கிறார்கள்?

2020 ஆகஸ்ட் 4. பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் பல ஆண்டுகளாகக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அடுத்த சில நாட்களில் பதற்றம் சென்னைக்கும் வந்தது. 2015-ல் பறிமுதல் செய்யப்பட்ட அதே ரசாயனம் சுமார் 700 டன், மணலி கிடங்கில் இருப்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. அவசர அவசரமாக கன்டெய்னர்களில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

இத்தனைக்கும் அது வயலுக்குப் போடும் உரம். விறகு மாதிரி எரியும் பொருளும் இல்லை. அப்புறம் எங்கே ஆபத்து?

அது ஒரு 'ஆக்ஸிடைசர்', அதாவது ஆக்சிஜனேற்றி. சாதாரண தீக்கு காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். இந்த வகை ரசாயனம் ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருந்து, பக்கத்தில் எரியும் பொருளுக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் மணல் போட்டு மூடினாலும் இந்தத் தீ அடங்காது. நிறைய தண்ணீர்தான் வழி.

30 கிராமில் ஒரு பரீட்சை

ஒரு பொருள் ஆக்ஸிடைசரா என்று அறிய ஐ.நா. கையேட்டில் தனிச் சோதனையே இருக்கிறது. முதலில் பேப்பரிலேயே ஒரு வடிகட்டல்: மூலக்கூறில் ஆக்சிஜனும் இல்லை, ஃப்ளோரின், குளோரின் போன்றவையும் இல்லை என்றால் சோதனையே தேவையில்லை.

சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்குப் போகும். திடப்பொருளை உலர்ந்த செல்லுலோஸ் தூளுடன், அதாவது காகிதத்தின் மூலப்பொருளுடன், சம அளவிலும் பிறகு 4-க்கு 1 என்ற அளவிலும் கலக்கிறார்கள். 30 கிராம் கலவையைக் கூம்பு மாதிரி குவித்து, மின்கம்பியால் சூடேற்றி, எரிந்து முடிய எத்தனை வினாடி என்று கணக்கெடுக்கிறார்கள். 5 முறை!

அந்த நேரத்தை பொட்டாசியம் புரோமேட் கலவையின் நேரத்தோடு ஒப்பிடுவார்கள். (ஆமாம், பிரெட் மாவில் சேர்க்கக் கூடாது என 2016-ல் இந்தியா தடை செய்த அதே புரோமேட்தான்.) 3 பங்கு புரோமேட், 7 பங்கு செல்லுலோஸ் கலவையின் நேரத்துக்குள் எரிந்து முடிந்தாலே அது ஆக்ஸிடைசர். இன்னும் வேகமாக எரிந்தால் ஆபத்து நிலையும் கூடும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பொருள் எரிகிறதா என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்றை எவ்வளவு வேகமாக எரிய வைக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

அம்மோனியம் நைட்ரேட்டில் எரியும் பொருள் 0.2 சதவீதத்தைத் தாண்டிக் கலந்திருந்தால் ஆக்ஸிடைசர் பிரிவிலேயே ஏற்க மாட்டார்கள். பெய்ரூட் கிடங்கிலோ பட்டாசும் சேர்த்து வைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன.

லாரியில் மஞ்சள் வைர வடிவ அட்டை, அதில் தீச்சுடர், கீழே 5.1 என்ற எண் தெரிந்தால் அதுதான் இது. சுடருக்கு அடியில் ஒரு வட்டம் இருக்கும். அதைக் கவனிக்காமல் பெட்ரோல் மாதிரி தீப்பற்றும் சரக்கு என்று நினைப்பவர்கள் அதிகம்.

நம்ம ஊர் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரும் இதே குடும்பம்தான். மூட்டையை மண்ணெண்ணெய், பழைய பேப்பர், எண்ணெய்த் துணி பக்கத்தில் வைத்திருந்தால் இன்றைக்கே இடம் மாற்றிவிடுங்கள்.