பூட்டுத் திறக்கும் கருவியும் சட்டமும்

கடைச் சாவி தொலைந்தால் அன்றைய வியாபாரம் நின்றுவிடும். பூட்டுத் திறக்கும் கொக்கிகளும் கம்பிகளும் இப்போது செட்டாக, ஆன்லைனில்கூட விலைக்குக் கிடைக்கின்றன. அவசரத்துக்கு வாங்கி வைக்கலாமா, ஹார்டுவேர் கடையில் விற்கலாமா என்ற கேள்வி ஜோலார்பேட்டை வணிகர்களுக்கும் எழக்கூடியதே. சட்டம் சொல்வதை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

வைத்திருப்பது குற்றமா?

இக்கருவிகளை வாங்குவதைத் தடுக்கும் தனி மத்தியச் சட்டம் கிடையாது. ஆனால் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், தக்க காரணமின்றிக் கன்னக்கோல் போன்ற கருவி வைத்திருப்பவரை வாரண்டு இல்லாமலே போலீசார் கைது செய்யலாம் என்றிருந்தது. காரணத்தை நிரூபிப்பதும் வைத்திருந்தவர் பொறுப்பே. 2010இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இந்தப் பிரிவு நீங்கியது. எனினும், குற்றம் செய்யும் நோக்கில் பதுங்கியிருப்பவரிடம் நன்னடத்தைப் பிணைப்பத்திரம் கேட்க இன்றும் சட்டத்தில் இடமுண்டு. மகாராஷ்டிர போலீஸ் சட்டமோ இரவு நேரத்தில் காரணமின்றி இத்தகைய கருவியுடன் இருப்பதையே குற்றமாக்குகிறது. ஆகவே கருவியைக் கடையிலேயே வைப்பது நல்லது. ரயில் பயணத்தில் பையில் போட்டுச் செல்ல வேண்டாம்.

திறப்பதே உடைப்பு

பூட்டை உடைக்காமல் திறந்தால் வழக்கு வராது என்று எண்ணுவது தவறு. 1.7.2024 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 330ஆம் பிரிவில், அத்துமீறி நுழைவதற்காக எந்தப் பூட்டைத் திறந்தாலும் அது கன்னமிடுதலே என்கிறது. கதவுத் துளையில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவதும், ஒருவர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அவர் வீட்டைத் திறந்து அத்துமீறி நுழைவதும் அங்கே உதாரணங்களாகத் தரப்பட்டுள்ளன. சரக்கு வைக்கும் கடையும் குடோனும், தோல் கிடங்கும் இதில் அடங்கும். திருடும் நோக்குடன் பகலில் செய்தால் 10 ஆண்டு வரையிலும், சூரியன் மறைந்த பின் செய்தால் 14 ஆண்டு வரையிலும் சிறை உண்டு.

நம்மிடம் ஒப்படைத்த பூட்டிய பெட்டியை நேர்மையற்ற எண்ணத்தோடு திறந்தால் 3 ஆண்டு வரை சிறை. பிறர் சரக்கை வாங்கி வைக்கும் மொத்த வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாடகைக் கடை

வாடகை பாக்கி என்பதற்காக, கடைக்காரர் போட்ட பூட்டைத் திறந்து சரக்கை வெளியேற்றும் உரிமை கட்டட உரிமையாளருக்குக் கிடையாது. 22.2.2019 முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டப்படி அவர் வாடகை நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். சட்டப்படியன்றி வெளியேற்றப்பட்ட கடைக்காரர், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6ஆம் பிரிவின்படி 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். அந்தக் கெடு தவறினால் இந்தப் பிரிவின் பயன் கிடைக்காது. அதுபோல, காலி செய்துவிட்டுச் சாவியை ஒப்படைத்த கடைக்காரர் பழைய டூப்ளிகேட் சாவியால் மீண்டும் நுழையக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. கருவி வாங்கினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விற்பவர்கள் வாங்குபவரின் பெயர், முகவரி, தொழிலைக் குறித்து வையுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும், நாளை விசாரணை வந்தால் அந்தக் குறிப்பேடே துணை.

2. சொந்தக் கடைப் பூட்டானாலும் பகலில், பக்கத்துக் கடைக்காரர் முன்னிலையில் திறங்கள். பங்குதாரர் இருந்தால் முதலில் அவருக்குச் சொல்லுங்கள்.

3. சாவி செய்பவரை அழைத்தால் கடை நம்முடையது என்பதற்கு லைசென்சையோ வாடகை ஒப்பந்தத்தையோ காட்டுங்கள். அவர் கேட்டால் கோபிக்க வேண்டாம், கேட்பவரே நம்பத்தக்கவர்.

4. சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டாகவே இருந்தாலும், சாவி பிறர் கையில் இருந்தால் காவல் இல்லை.

பூட்டு யாருடையது, திறக்க அனுமதித்தவர் யார், எதற்காகத் திறந்தோம் என்ற மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் வணிகர் அஞ்ச வேண்டியதில்லை.