உங்க அபார்ட்மென்ட்டை ஊர் எதிர்க்குதா? புக்கிங் பணம் கட்டுறதுக்கு முன்னாடி காது கொடுத்துக் கேளுங்க



ஒரு காட்சியை யோசிச்சுப் பாருங்க. நீங்க சென்னையில வேலை பார்க்கிறீங்க, சொந்த ஊர் புதுக்கோட்டை. கீழ ராஜ வீதியில ஒரு பழைய கட்டடத்தை இடிச்சுட்டுப் பல மாடி அபார்ட்மென்ட் வரப்போகுதுன்னு போர்டு வைக்கிறாங்க. உங்களுக்கு ஆசை வந்துடுச்சு. அப்பாவுக்கு போன் போட்டா, "அந்த எடத்துக்கு ஊர்ல எதிர்ப்பு இருக்கேப்பா, பெட்டிஷன் குடுக்கப் போறாங்களாம்"ங்கிறார். நீங்க என்ன சொல்வீங்க? "நல்லது வந்தா நாலு பேர் எதிர்க்கத்தான் செய்வாங்க, விடுங்கப்பா."

இது கற்பனைதான். ஆனா 2024-ல புதுக்கோட்டை மாநகராட்சி ஆகிடுச்சு, இனி இப்படிப் போர்டுகள் வரும். அப்போ அந்த "விடுங்கப்பா" உங்களுக்குப் பல லட்சம் செலவு வைக்கலாம். எப்படின்னு பார்ப்போம்.

ஊர் ஏன் எதிர்க்கும்?

புதுக்கோட்டை தானா வளர்ந்த ஊர் இல்ல. சமஸ்தானக் காலத்துல, 1878-ல திவானா வந்த சேஷய்ய சாஸ்திரி திட்டம் போட்டுச் சீரமைச்ச ஊர். நேர் நேரான ராஜ வீதிகள், அதுக்கு இணையா இரண்டாம் வீதி, மூன்றாம் வீதின்னு வரிசையா போகும். கீழே கடை, மேலே வீடுன்னு வாழ்றதுக்குப் போட்ட அளவு அது. அங்க திடீர்னு நூறு குடும்பம் வந்தா தண்ணி, சாக்கடை, பார்க்கிங் எல்லாத்துக்கும் என்ன வழின்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறது நியாயமான கேள்வி. வாங்கப்போற நீங்களும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நொய்டாவுல நடந்தது

எதிர்ப்பை அலட்சியம் பண்ணினா என்ன ஆகும்னு காட்டுறது நொய்டா சூப்பர்டெக் இரட்டைக் கோபுர வழக்கு. எமரால்டு கோர்ட் குடியிருப்புல ஏற்கெனவே வீடு வாங்கிக் குடியிருந்தவங்ககிட்ட தோட்டம்னு காட்டின இடத்துல புதுசா ரெண்டு டவர் எழும்புச்சு. கட்டடங்களுக்கு நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி இல்ல, எங்க சம்மதமும் வாங்கலன்னு குடியிருப்போர் சங்கம் 2012-ல வழக்கு போட்டுச்சு. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014 ஏப்ரல்ல இடிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31-ல அதை உறுதி செஞ்சது. 2022 ஆகஸ்ட் 28-ல சுமார் 100 மீட்டர் உயரக் கோபுரம் சில நொடியில மண்ணாச்சு.

அந்த டவர்கள்ல 600 பேருக்கு மேல புக் பண்ணியிருந்தாங்க. 12% வட்டியோட பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வந்துச்சு. ஆனா 2022 மார்ச்ல நிறுவனமே திவால் நடைமுறைக்குள்ள போயிடுச்சு. பாக்கி இருந்தவங்க பணத்துக்காக மறுபடியும் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருந்துச்சு. தீர்ப்பு கையில இருக்கிறதும் பணம் கையில இருக்கிறதும் ஒண்ணு இல்ல.

வழக்கு போட்டவங்களும் ஈ.எம்.ஐ கட்டி ஃபிளாட் வாங்கினவங்கதான். இன்னைக்கு நீங்க வாங்குறவர். நாளைக்கு உங்க பால்கனிக்கு எதிர்ல இன்னொரு டவர் வந்தா ஆட்சேபிக்கப் போறவரும் நீங்கதான்.

தாமதத்தோட விலை

டவர் இடியலன்னே வெச்சுக்குவோம். ஒரு தடை உத்தரவுல வேலை 2 வருஷம் நின்னா?

45 லட்சம் ஃபிளாட், 36 லட்சம் கடன், வட்டி 8.5%. பாதிக் கடன், அதாவது 18 லட்சம், பில்டர் கைக்குப் போயிருக்கும்போது வேலை நிக்குது. மாச வட்டி மட்டும் 12,750 ரூபாய். நீங்க இருக்கிற வீட்டு வாடகை 15,000. மொத்தம் 27,750. 24 மாசத்துக்கு 6,66,000 ரூபாய்! அசல்ல ஒரு ரூபாய்கூடக் குறைஞ்சிருக்காது.

வரியிலயும் அடி விழும். பழைய வரி முறையில இருக்கிறவங்க சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கு வருஷம் 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். ஆனா கடன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சதுல இருந்து 5 வருஷத்துக்குள்ள வீடு முடியணும். 2025-26-ல கடன் வாங்கினா 2031 மார்ச் 31 கெடு. தாண்டினா 2 லட்சம் வெறும் 30,000 ஆகிடும். 20% வரம்புல இருக்கிறவருக்கு வருஷம் 35,360 ரூபாய் கூடுதல் வரி. புது முறையில இந்தக் கழிவே கிடையாது.

எதிர்ப்பை எப்படிப் படிக்கிறது?

ஒரு லீவுல ஊருக்குப் போய் அந்த வீதி டீக்கடையில அரை மணி நேரம் உட்காருங்க. கேட்கிறதை மூணாப் பிரிச்சு எழுதுங்க.

1. மனசு சார்ந்தது: "ஊர் அழகே போச்சு." வருத்தம் உண்மை. ஆனா இது மட்டும் இருந்தா கட்டடம் நிக்கிறது கஷ்டம்.

2. செலவு சார்ந்தது: "இங்க கோடையில தண்ணி வராது." கட்டடம் நிக்காது, ஆனா லாரித் தண்ணிச் செலவு உங்க மெயின்டனன்ஸ் பில்லுல வரும்.

3. சட்டம் சார்ந்தது: "பக்கத்துல விட வேண்டிய இடத்தை விடல", "பங்காளி கேஸ் இருக்கு", "இவ்வளவு உயரத்துக்கு அனுமதி கிடையாது." இதுல ஒண்ணு காதுல விழுந்தாலும் செக் புக்கை மூடிடுங்க.

உயரம் ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டு 2019 கட்டட விதிகள்படி 18.30 மீட்டரைத் தாண்டினா அது உயரமான கட்டடம். சாலை அகலம் உட்பட விதிகள் கடுமையாகும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுத்தி 1 கி.மீ. வரை 9 மீட்டருக்கு மேல கட்டக்கூடாதுன்னு 1997-லயே அரசாணை வந்துச்சு. மீறின கட்டடங்கள் மேல வழக்கும் நடந்துச்சு. நம்ம மாவட்டத்துல திருமயம் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்கள் இருக்கு. அதுல இருந்து 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டடத்துக்குத் தடை, அடுத்த 200 மீட்டருக்குத் தனி அனுமதி வேணும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி

• மனை 500 சதுர மீட்டருக்கு மேல, வீடு 8-க்கு மேலன்னா ரெரா பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா தளத்துல அனுமதி வரைபடத்தைப் பாருங்க. போர்டுல 10 மாடி, வரைபடத்துல 5 மாடின்னா அங்கேயே முடிஞ்சுது.

• வில்லங்கச் சான்றிதழ் சுத்தமா இருந்தா போதாது. பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ரிட் மனு அதுல தெரியாது. இ-கோர்ட்ஸ் தளத்துல பில்டர் பேரையும் நில உரிமையாளர் பேரையும் போட்டுத் தேடுங்க. வக்கீல் கருத்தும் எழுத்துல வாங்குங்க.

• ஒப்பந்தம் பதிவு ஆகாம 10%-க்கு மேல கேட்கக்கூடாது, அது ரெரா சட்டம். கேட்டா கொடுக்காதீங்க.

• பேங்க் லோன் சாங்ஷன் ஆகிடுச்சுங்கிறது உத்தரவாதம் இல்ல. பில்டிங் நின்னாலும் பேங்க்குக்கு நீங்கதான் கட்டணும்.

சுருக்கமா சொன்னா, வக்கீலுக்கும் என்னை மாதிரி ஆடிட்டருக்கும் ஃபீஸ் கொடுக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் ஃபீஸ் இல்லாமலே அந்த இடத்தோட குறையைச் சொல்றார். அவர் சொல்றது எல்லாம் சரியா இருக்கணும்னு இல்ல. சரிபார்க்காம நீங்க கையெழுத்துப் போடக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த தடவை அப்பா போன்ல "ஊர்ல பேசிக்கிறாங்கப்பா"ன்னு சொன்னா, "என்னப்பா பேசிக்கிறாங்க?"ன்னு கேளுங்க.

ரெரா தளத்துல வரைபடம் தேடுறது எப்படின்னு நம்ம சேனல்ல வீடியோவா போடுறேன். உங்க ஊர்ல இப்படி ஒரு அனுபவம் இருந்தா கமென்ட்ல எழுதுங்க. வீடு தேடிக்கிட்டு இருக்கிற நண்பருக்கு இதை அனுப்பி வைங்க.