கையில் அடங்கிய விளையாட்டுப் பெட்டி

கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டை என்றால், ஹைதர் அலி பிறந்த ஊர் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். அவ்வூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது நம்மவருள் பலர் அறியாதது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே ‘நம்ம த்வனி’, அதாவது ‘நம் குரல்’, என்னும் பெயரில் ஊராரின் ஒலிபரப்பு நிலையம் ஒன்று தோன்றிற்று. வாய்சஸ், மைராடா என்னும் தொண்டு நிறுவனங்கள் துணை நின்றன, யுனெஸ்கோவும் உதவிற்று. ஊர் மக்களே, சிறப்பாக மகளிர் சுய உதவிக் குழுவினர், நிகழ்ச்சிகளில் பங்கு கொண்டனர். ஆனால் வானொலி அலையில் பேசுவதற்கு அன்றைய சட்டம் ஊராருக்கு இடம் தரவில்லை. தொண்டு நிறுவனங்களுக்கு அவ்வுரிமை 2006-ஆம் ஆண்டில்தான் கிட்டிற்று. அதுவரை அவர்கள் வாளாவிருந்தார்களா? இல்லை. வீடுகளுக்குத் தொலைக்காட்சிப் படத்தைக் கொண்டுவந்த கேபிள் கம்பியின் வழியாகவே தங்கள் குரலையும் அனுப்பினார்கள். படத்துக்காக இழுத்த கம்பி பேச்சுக்கும் பயன்பட்டது.

ஒரு பொருளை விற்றவன் சொன்ன பயனே அதன் முழுப் பயன் ஆகாது. அதைத் திறந்து அறிந்தவன் கையில் அது புதுப் பயன் பெறும். பூதிகோட்டை காட்டிய இவ்வுண்மையை, நம் பிள்ளைகள் நன்கறிந்த ஒரு சிறு பொருளில் வைத்துக் காட்ட விழைகிறோம். அப்பொருள் ‘டிவி கேம்’ என்று நாம் அழைக்கும் வீட்டு விளையாட்டுப் பெட்டி. அதைப் பிரித்து, திரையும் பாட்டரியும் சேர்த்து, கையில் எடுத்துச் செல்லும் கருவியாக மாற்றும் கலை உலகின் பல பகுதிகளில் வளர்ந்திருக்கிறது.

வீட்டிலிருந்து கைக்கு

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீட்டுக் கருவிகளுள் முதலாவது, 1972-இல் அமெரிக்காவில் மாக்னவாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஒடிசி’. அதன் மூலக் கருத்தைத் தந்தவர் ரால்ஃப் பேயர் என்னும் பொறியாளர். 1977-இல் அடாரி நிறுவனத்தின் பெட்டி வந்தது. பின்னர் அது ‘அடாரி 2600’ எனப் பெயர் பெற்றது. அதன் நினைவகம் 128 பைட்டுகளே. நீங்கள் இப்போது படித்து வரும் இந்தப் பத்தியைக்கூட அதனுள் அடக்க இயலாது. அவ்வளவு சிறிய நினைவைக் கொண்டு எத்தனையோ விளையாட்டுகளை ஆக்கிய அறிஞர்களின் திறனை என்னென்பது! 1983-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘ஃபாமிகாம்’ என்னும் பெட்டியைக் கொணர்ந்தது. 1990-களில் நம் நாட்டுக் கடைத்தெருக்களில் கேசட்டுகளோடு விற்ற டிவி கேம்களுள் மிகப் பல, இந்த ஃபாமிகாமின் நகல்களே.

கையடக்க விளையாட்டுக்கு வழி வகுத்தவருள் தலையாயவர் நின்டெண்டோவின் குன்பெய் யோகோய். அவர் வரலாறு நம் தங்கவயல் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒன்று. 1965-இல் அவர் அந்நிறுவனத்தில் சேர்ந்தது பெரும் பதவியில் அன்று. சீட்டுக்கட்டு செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பேணும் வேலையில். ஓய்வு நேரத்தில் நீண்டு மடங்கும் கை போன்ற பொம்மை ஒன்றைச் செய்தார். முதலாளி அதைக் கண்டு விற்பனைக்குக் கொண்டு வரச் சொன்னார். அதே மனிதர் 1980-இல் ‘கேம் அண்டு வாட்ச்’ என்னும் சிறு கருவியையும், தம் குழுவோடு 1989-இல் ‘கேம் பாய்’ கருவியையும் ஆக்கினார். வழக்கத்தில் தேர்ந்து விலை மலிந்துவிட்ட பழைய நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே சிறந்தது என்பது அவருடைய கொள்கை. போட்டியாளர் வண்ணத் திரை கொடுத்தபோது, கேம் பாய் நான்கே சாயல் கொண்ட வண்ணமற்ற திரையோடு நின்றது. ஆயினும் நான்கு சிறு பாட்டரிகளில் பல மணி நேரம் ஓடியது. வென்றது அதுவே.

வீட்டுப் பெட்டியையே சுருக்கி விற்கும் முயற்சியும் நடந்தது. சேகா நிறுவனம் தன் 16-பிட் வீட்டுக் கருவியை 1995-இல் ‘நோமாட்’ என்ற பெயரில் கையடக்கமாக்கியது. வீட்டுப் பெட்டியின் கேசட்டுகள் அதிலும் ஓடின. ஆனால் ஆறு பாட்டரிகளை இரண்டு மூன்று மணி நேரத்தில் அது குடித்துத் தீர்த்தது. சுருக்குவதில் அருமையான பகுதி மின்சாரமே என்பதை இது உணர்த்திற்று.

ஒரு தனி மனிதரின் முயற்சி

நிறுவனங்கள் செய்ததை ஒருவர் தம் வீட்டில் இருந்தபடி செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தவரான பெஞ்சமின் ஹெக்கண்டார்ன். அவர் மின்னணுப் பொறியாளர் அல்லர். வரைகலைத் தொழில் செய்தவர். 2000-ஆம் ஆண்டில் பழைய அடாரி 2600 பெட்டி ஒன்றைப் பிரித்து, திரையும் விசைகளும் பொருத்தி, கையில் ஏந்தி ஆடும் கருவியாக்கினார். பின்னர் வேறு பல பெட்டிகளையும் அவ்வாறே மாற்றினார். தாம் கற்றதை மறைத்து வைக்காமல் 2005-இல் நூலாகவும் எழுதி வெளியிட்டார். ஒரு கையை மட்டுமே பயன்படுத்தக்கூடியவர்களும் ஆடுவதற்கேற்ற விசைக் கருவியை ஆக்கித் தந்தது அவர் செயல்களுள் நம் மனத்தைத் தொடுவது. விளையாட்டாகத் தொடங்கிய கைத்திறன், உடல் ஊனமுற்றோருக்கு உதவும் அறமாக மலர்ந்தது.

செய்முறை எவ்வாறு?

பழுதுபட்டு மூலையில் கிடக்கும் ஃபாமிகாம் நகல் ஒன்றை எடுத்துக் கொள்வோம். திருகாணிகளைக் கழற்றித் திறந்தால் முதல் வியப்பு காத்திருக்கும். பெரிய பெட்டிக்குள் பெரும் பகுதி வெற்றிடம்! பிற்கால நகல்களில் ஃபாமிகாமின் முக்கியச் சில்லுகள் யாவும் ஒரே சில்லில் அடங்கி, கரிய பிசின் பொட்டின் கீழ் மறைந்திருக்கும். அதைத் தாங்கும் பலகை பல பெட்டிகளில் உள்ளங்கையளவே. ஆகவே சுருக்கும் வேலையில் பாதியை, நகல் செய்தவனே நமக்காக முடித்து வைத்திருக்கிறான்.

அடுத்தது மின்சாரம். பெட்டியின் பலகைக்கு வேண்டியது 5 வோல்ட். வீட்டு அடாப்டரோ 9 வோல்ட் அளவில் தரும். இடையே நிற்கும் 7805 என்னும் சிறு உறுப்பு, மிகுந்த 4 வோல்ட்டையும் வெப்பமாக்கி வீணடிக்கிறது. அதாவது 9 பங்கு மின்சாரம் புகுந்தால் 4 பங்கு சூடாகவே போய்விடும். சுவரிலிருந்து மின்சாரம் வரும்போது இவ்விழப்பு தெரியாது. பாட்டரியில் ஓடும்போது தாங்க முடியாது. எனவே அவ்வுறுப்பை நீக்கி, வீணாக்காமல் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சிறு பலகை ஒன்றைப் பொருத்துவர். 2500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் கலம் ஒன்றின் ஆற்றல் 3.7 வோல்ட்டில் 9.25 வாட்-மணி, இரண்டு கலங்களுக்கு 18.5. பெட்டியும் திரையும் சேர்ந்து 5 வாட் கொள்ளுமானால், இழப்புகள் போக மூன்று மணி நேரம் ஆடலாம். மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் இறங்கும் வரை அது போதும்.

மூன்றாவது படம். மஞ்சள் முனை வழியாக வரும் படக்குறியை ஏற்கும் சிறு திரைகள், கார் பின்னோக்கிச் செல்லும்போது பின்புறத்தைக் காட்டுவதற்காக விற்கப்படுகின்றன. அவற்றையே பலரும் பயன்படுத்துகின்றனர். இங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. நம் நாட்டுத் தொலைக்காட்சி ‘பால்’ முறையைச் சேர்ந்தது. ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் ‘என்.டி.எஸ்.சி.’ முறையைச் சேர்ந்தவை. திரை இரண்டையும் ஏற்காவிடில் படம் நிறமின்றித் தெரியக்கூடும். ‘திரை கெட்டுவிட்டது’ என்று அதைத் தூக்கி எறிந்துவிடலாகாது.

நான்காவது விசைகள். ஃபாமிகாமின் கைப்பிடியில் விசைகள் எட்டு. ஆனால் அதிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பிகள் ஐந்தே. எட்டின் செய்தி ஐந்தில் எப்படிச் செல்கிறது? இரண்டு கம்பிகள் மின்சாரத்துக்கு. மூன்றாவதின் வழியே பெட்டி, ‘இந்தக் கணத்தின் நிலையைப் பிடித்து வை’ என்று ஆணையிடுகிறது. நான்காவதில் தாளம் தட்டுவது போல் துடிப்புகள் வர, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விசையின் நிலை ஐந்தாவது கம்பியில் வரிசையாகச் செல்கிறது. சுரங்கத்தில் கூண்டை ஏற்றவும் இறக்கவும் மணியோசைகளை எண்ணிச் செய்தி சொன்ன முறையை அறிந்த முதியோர், இதன் பொருளை நொடியில் உணர்வர்.

எஞ்சியவை சிறு ஒலிபெருக்கி, கேசட் செருகும் 60 முனை இணைப்பு, உறை ஆகியவை. உறையைப் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ செய்யலாம். கம்பிகளைக் குட்டையாகவும் தூய்மையாகவும் பற்றவைப்பதில்தான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு படியிலும் இயக்கிப் பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைத்துவிட்டுப் பிழை எங்கே என்று தேடுவது, வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும்.

பெற்றோர் கவனிக்க

இவ்வேலையில் இடையூறுகள் உண்டு. லித்தியம் கலம் நசுங்கினாலோ, துளைபட்டாலோ, முனைகள் நேரே தொட்டுக்கொண்டாலோ தீப்பற்றும். ஒரு கலம் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும், மிகத் தாழவும் விடாத காப்புப் பலகையின்றி அதைப் பயன்படுத்தவே கூடாது. அதன் மேல் நேரே ஈயம் வைத்துப் பற்றவைத்தலும் தகாது. கலத்துக்கென விற்கும் பிடியில் பொருத்துக. பற்றவைக்கும் புகையை முகராதவாறு சன்னலருகே அமர்க. வேலை முடிந்ததும் கைகளைக் கழுவிய பின்னரே உணவைத் தொடுக. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். பெரியவர் ஒருவர் அருகிருக்க, பாட்டரியில் ஓடும் சிறு கருவிகளையே முதலில் திறக்கட்டும். நன்றாக ஓடும் அரிய பழம்பெட்டியை உடைப்பதும் வேண்டா. பழுதானதே பயிற்சிக்கு ஏற்றது.

நமக்கு இதில் என்ன?

‘விளையாட்டுப் பெட்டியைப் பற்றி இவ்வளவு பேச்சா?’ என்று தாய்மார் கேட்கக்கூடும். நம் கவலை விளையாட்டைப் பற்றியதன்று, கைத்திறனைப் பற்றியது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடித் தங்கவயலுக்கு வந்த நம் முன்னோர் கொண்டு வந்த செல்வம் அவர்தம் கைகளே. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கே வந்து சேர்ந்தது. வெகு தொலைவுக்கு மின்சாரம் கொண்டு சென்ற அக்காலத்துப் பெரு முயற்சிகளுள் அதுவும் ஒன்று. அம்மின்சாரத்தால் ஓடிய இயந்திரங்களோடு பழகிப் பிட்டர்களாகவும் எலக்ட்ரீஷியன்களாகவும் தேர்ந்தவர் நம்மவருள் பலர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயிற்று, வீடுதோறும் பெட்டியில் ஸ்பானரும் ஸ்குரூ டிரைவரும் தங்கின. பிள்ளைகள் விடியலில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். ஒரே வீட்டில் இருந்தும் தகப்பனார் கற்ற வித்தை மகன் கைக்கு வந்து சேர நேரமில்லை. கெட்ட பொருளைத் திறந்து பார்க்கும் வழக்கமும் அருகி வருகிறது. கெட்டால் குப்பைக்கு, பிறகு கடைக்கு என்றாகிவிட்டது.

வித்தை என்பது சொத்துப் போல் பத்திரத்தில் எழுதி வைக்கக் கூடியதன்று. அருகிலிருந்து, கை மேல் கை வைத்துத் தர வேண்டியது. தாத்தாவுக்கு ஃபாமிகாமின் சில்லு தெரியாமல் இருக்கலாம். ஆனால் அறுந்த கம்பியை எப்படித் தேடுவது, எந்தத் திருகாணியை முதலில் கழற்றுவது, கழற்றியவற்றை எப்படி வரிசையாக வைப்பது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பேரனுக்கோ அப்பொறுமை தெரியாது; படக்குறியும் பாட்டரிக் கணக்கும் தெரியும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் இரண்டு கல்வியும் ஒன்றாகும்.

ஆகவே அன்பர்கள் இம்மாதத்தில் ஒரு விடுமுறை நாளை இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறோம். பரண் மேல் கிடக்கும் பழைய டிவி கேமை இறக்குங்கள். வீட்டுப் பெரியவரை அழைத்து உட்கார வையுங்கள். பெண் பிள்ளைகளும் ஸ்குரூ டிரைவர் பிடிக்கட்டும். முதல் நாளிலேயே கையடக்கக் கருவி எழுந்துவிடாது. திறந்து, உறுப்புகளின் பெயரறிந்து, திரும்ப மூடினாலும் போதும். அடுத்த வாரம் பாட்டரி, அதற்கடுத்த வாரம் திரை என்று வேலை தானே நடக்கும். அக்கருவி கையில் ஒளிரும் நாளில், கடையில் வாங்கிய எதிலும் கிடைக்காத ஒன்றை அப்பிள்ளை பெற்றிருக்கும்: ‘இதை நான் அறிவேன், கெட்டாலும் சரி செய்வேன்’ என்னும் துணிவு. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் செல்லும் நம் மக்களுக்கு, எந்த ஊரிலும் கைகொடுக்கும் முதல் அதுவேயாகும்.