மருத்துவரிடம் மறைக்கக் கூடாத செய்தி

குழந்தைப் பேறுக்காக மலேசியாவின் ஜொகூர் பாருவில் உள்ள ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) மையங்களை நாடுவோரில், செலவு குறைவு என்று சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வருபவர்களும் உண்டு. 1983-இல் அதே சிங்கப்பூரில்தான், யாழ்ப்பாணத்தில் பிறந்த டாக்டர் எஸ்.எஸ். ரத்னத்தின் குழு அந்நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உலகுக்குக் காட்டியது. இன்று உலகெங்கும் இப்படிப் பிறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். பெரும்பாலோர் நலமாகவே வளர்கிறார்கள்.

ஆனால் ஒரு சிலரிடம் பெக்வித்-வீடமன் என்ற அரிய குறைபாடு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தென்படுவதை 2003 முதல் ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். குழந்தை பிறக்கும்போதே எடை அதிகமாக இருக்கலாம். நாக்கு வாய்க்குள் அடங்காமல் இருக்கலாம். காதுமடலில் நகத்தால் கீறினாற்போல் ஒரு கோடு தெரியலாம். பிறந்த சில மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரியலாம். சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ புற்றுக்கட்டி வரும் ஆபத்தும் உண்டு.

காரணம் 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அங்குள்ள சில மரபணுக்களில் தாய் தந்த பிரதி மட்டும் வேலை செய்யும். வேறு சிலவற்றில் தந்தை தந்தது மட்டும். எது பேச வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை டிஎன்ஏ மீது ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் தீர்மானிக்கின்றன. கரு உருவான முதல் சில நாட்களில் மற்ற குறிகள் பெரும்பாலும் அழிந்து, பிறகு புதிதாக எழுதப்படும். இந்த மரபணுக்களின் குறிகள் மட்டும் அழியாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். ஐவிஎஃப் கரு ஆய்வகத் தட்டில் வளர்வதும் அதே நாட்களில்தான். தாயின் பிரதியில் குறி கலைந்தால், வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் சிடிகேஎன்1சி மரபணு அடங்கிவிடுகிறது. தட்டில் வளர்த்த கருவிலிருந்து பிறந்த ஆட்டுக்குட்டிகளும் கன்றுகளும் அளவுக்கு மீறிப் பெருத்ததை விஞ்ஞானிகள் முன்பே கண்டிருந்தார்கள்.

பழி முழுவதையும் தட்டின் மேல் போட முடியாது. முட்டைகளைத் தூண்டும் ஹார்மோன் ஊசியும், பெற்றோரிடம் இருந்த, கருத்தரிப்பைத் தடுத்த உடற்கோளாறும்கூடக் காரணமாகலாம்.

இத்தாலியில் 2017-இல் வெளிவந்த ஆய்வு, ஐவிஎஃப் குழந்தைகளுக்கு இக்குறைபாடு வரும் ஆபத்து சுமார் பத்து மடங்கு கூடுவதாகக் கணக்கிட்டது: ஏறக்குறைய 1,100 குழந்தைகளில் ஒன்று. அப்படிப் பார்த்தாலும் ஆயிரத்தில் 999 பேருக்கு இது இல்லை. சிகிச்சையைக் கைவிட இது காரணமே அல்ல.

நம் குடும்பங்கள் பலவற்றில் ஐவிஎஃப் செய்துகொண்டதை மூடி மறைக்கிறோம். உறவினர்களிடம் மறையுங்கள், அது உங்கள் உரிமை. குழந்தை மருத்துவரிடம் மட்டும் மறைக்காதீர்கள். குறைபாடு சீக்கிரம் தெரிந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வயிற்று ஸ்கேன் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.