ஹிஜாமா கற்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு: மூன்று நாள் சான்றிதழா, மூன்று ஆண்டுப் படிப்பா?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நம் மஹல்லா சகோதரர் ஒருவர் கைப்பேசியில் வந்த ஒரு விளம்பரத்தைக் காட்டினார். மூன்று நாள் பயிற்சி, முடிவில் சான்றிதழ், மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்குக் கட்டணச் சலுகை என்று அதில் இருந்தது. அவருடைய மகள் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறார். "ஹஜ்ரத், ஹிஜாமா சுன்னத்தான வைத்தியம். வீட்டில் இருந்தபடியே பெண்களுக்குச் செய்யலாம். பிள்ளையைச் சேர்த்து விடலாமா?" என்று கேட்டார்.

சுன்னத் என்ற சொல் வந்துவிட்டால் உடனே 'சேருங்கள்' என்று சொல்லத்தான் வாய் வரும். நாம் சொல்லவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டோம்.

காரணம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்தில் ஒரு பெரியவர் ஹிஜாமா செய்துகொண்டார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தவர். செய்தவரோ 'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீறிய இடங்களில் இரத்தம் நிற்கவில்லை. இஷாவுக்குப் பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். அல்லாஹ்வின் கருணையால் பிழைத்தார். அதைவிடப் பயந்தது மறுநாள்தான். 'இந்த மாத்திரையால்தானே இப்படி ஆனது' என்று அவர் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவரிடம் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பே வரலாம். நல்ல வேளை, இதய மருத்துவர் அவரை உட்கார வைத்துப் புரியும்படி பேசினார்.

அந்த வீட்டில் யாரும் ஹிஜாமாவைக் குறை சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. செய்தவருக்குக் கோப்பையைப் பிடிக்கத் தெரிந்திருந்தது. நோயாளியைத் தெரியவில்லை.

இங்கே மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனைச் சிகிச்சையை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்வது மாற்று மருத்துவம். அந்தச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்வது துணை மருத்துவம். இரண்டையும் அறிந்த ஒருவர், எது எவருக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்த்து ஒரே திட்டமாகச் செய்வது ஒருங்கிணைந்த மருத்துவம். நம் மக்கள் பேச்சில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வித்தியாசமோ உயிர் சம்பந்தப்பட்டது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டார்கள். முதல் பிரிவினருக்கு இறப்பு ஆபத்து இரண்டரை மடங்கு இருந்தது.

அப்படியானால் மருத்துவர்கள் இந்த முறைகளைப் பற்றிக் கற்கவே வேண்டாமா? கற்க வேண்டும் என்ற முடிவுக்கு அமெரிக்கா வந்தது ஒரு கணக்கெடுப்பினால். ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ஐசன்பெர்க் குழுவினர் 1993இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். மக்களில் மூன்றில் ஒருவர் வழக்கத்துக்கு மாறான ஏதோ ஒரு வைத்தியத்தைச் செய்துகொள்கிறார். அப்படிச் செய்துகொள்பவர்களில் 72 விழுக்காட்டினர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்வதில்லை என்று அதில் தெரிந்தது. மருத்துவர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை. நம் வீடுகளிலும் இதே கதைதான். கருஞ்சீரகப் பொடியையும் வெந்தயத் தண்ணீரையும் பற்றி டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று உம்மாக்கள் மறைப்பதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

மறைப்பதால் என்ன வந்துவிடும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் மக்கள் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் மூலிகை ஒன்று உண்டு, 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்று பெயர். மற்ற மருந்துகளை உடல் வேகமாகச் சிதைத்துவிடும்படி அது ஈரலைத் தூண்டுகிறது. இதய மாற்று அறுவை செய்துகொண்ட இரண்டு பேர் இதைச் சாப்பிட, புதிய இதயத்தைக் காக்கும் மருந்தின் அளவு இரத்தத்தில் இறங்கி, உடல் அந்த இதயத்தை எதிர்க்கத் தொடங்கிய செய்தி 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்தது. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று ஆகிவிடாது.

இந்த இடைவெளியை நிரப்ப, ஹார்வர்டில் மருத்துவம் படித்த ஆண்ட்ரூ வெய்ல் 1994இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஒருங்கிணைந்த மருத்துவத்துக்கான திட்டத்தைத் தொடங்கினார். இன்று அங்கே நடக்கும் பயிற்சி இரண்டு ஆண்டு. ஏறத்தாழ 1000 மணி நேரம். ஏற்கெனவே மருத்துவராகவோ அதற்கு நிகரான உரிமம் பெற்றவராகவோ இருப்பவர்தான் சேர முடியும். உணவு, மூலிகைகளும் அவற்றின் மருந்து மோதல்களும், மனமும் உடலும் ஒன்றையொன்று பாதிக்கும் விதம், நோயாளியிடம் பேசும் முறை, ஓர் ஆய்வு முடிவை நம்பலாமா என்று எடைபோடுவது எல்லாம் அதில் உண்டு. வெய்லுக்கு எதிர்ப்பும் குறைவில்லை. அவர் சான்றுகளைத் தாண்டிப் பேசுகிறார் என்று அதே நியூ இங்கிலாந்து இதழின் முன்னாள் ஆசிரியர் அர்னால்ட் ரெல்மன் 1998இல் கடுமையாக எழுதினார். நம் பார்வையில் ரெல்மனின் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பயிற்சியின் வாசற்படியை நாம் கவனிக்க வேண்டும். அடிப்படை மருத்துவம் தெரியாதவரை அவர்கள் உள்ளேயே விடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனமும் அக்குபங்சருக்கு 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதே கணக்கைத்தான் போட்டது. மருத்துவரல்லாத ஒருவர் முழுமையாகக் கற்க 2500 மணி நேரம். மருத்துவர் கற்க 1500 மணி நேரம். தன் வழக்கமான சிகிச்சையில் சிறு பகுதியாக மட்டும் பயன்படுத்த நினைக்கும் மருத்துவருக்குக்கூட 200 மணி நேரம். மூன்று நாள் என்பது, சாப்பாட்டு இடைவேளையையும் சேர்த்தால்கூட, 30 மணி நேரத்தைத் தாண்டாது. அக்குபங்சர் ஊசி தோலைத் துளைப்பதோடு சரி. நாம் பேசுவது தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் முறையைப் பற்றி.

இதெல்லாம் மேற்கத்தியர் போட்ட சட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பி.ஏ. வரலாறு படித்த நாட்களில் நாம் கண்டெடுத்து இன்றுவரை மறக்காத ஒரு சம்பவம் உண்டு. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒருவர் இறந்துவிட்ட செய்தி கலீஃபா முக்ததிருக்குப் போனது. இனி தேர்வில் தேறாத யாரும் வைத்தியம் செய்யக் கூடாது என்று உத்தரவிட்டு, தேர்வு நடத்தும் பொறுப்பைத் தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்திடம் கொடுத்தார். பக்தாதில் மட்டும் 800க்கும் அதிகமானோர் வந்து தேர்வு கொடுத்தார்கள்.

அவர்களில் ஒரு முதியவர். நல்ல உடை, கம்பீரமான தோற்றம். ஸினான் மரியாதையாக அருகில் உட்கார வைத்து, மற்றவர்கள் போன பிறகு, 'நீங்கள் யாரிடம் கற்றீர்கள்?' என்று விசாரித்தார். பெரியவர் சட்டைக் கையிலிருந்து தங்க தீனார்கள் அடங்கிய காகிதப் பொதியை எடுத்து முன்னால் வைத்தார். தமக்குச் சரியாக எழுதப் படிக்கத் தெரியாது என்றும், குடும்பம் இருக்கிறது, பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஸினான் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: தெரியாத நோயில் கைவைக்கக் கூடாது, எளிய உபாதைகளுக்கு அன்றி இரத்தம் எடுக்கவும் பேதி மருந்து கொடுக்கவும் கூடாது. பெரியவரோ, தம் வாழ்நாளில் தேன் கலந்த காடியையும் சர்பத்தையும் தாண்டி யாருக்கும் எதையும் கொடுத்ததே இல்லை என்றாராம்!

படிக்காத வைத்தியரின் பிழைப்பைக் கெடுக்க மனமில்லாத ஸினான்கூட, இரத்தம் எடுப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1100 ஆண்டுகளுக்கு முந்தைய பக்தாதின் எச்சரிக்கை இன்றைய கைப்பேசி விளம்பரத்தில் இல்லை.

மார்க்கச் சட்டத்திலும் இதற்கு அடிப்படை இருக்கிறது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே ஈடு கொடுக்கப் பொறுப்பாளி என்ற கருத்தில் ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா நூல்களில் வந்திருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டது உண்மை. அவர்களுக்குச் செய்த அபூ தைபா அந்தத் தொழிலிலேயே பழகியவர். அவருக்கு நபியவர்கள் கூலியாக உணவு தானியம் கொடுத்ததும் புகாரியில் வருகிறது. சுன்னத்தை எடுப்பவர்கள் அபூ தைபாவின் தேர்ச்சியையும் சேர்த்து எடுக்க வேண்டும் அல்லவா?

நம் நாட்டுச் சட்டமும் இதில் கண்டிப்பானது. ஹோமியோபதி படித்த ஒருவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தான் படிக்காத முறையில் வைத்தியம் செய்பவர் போலி மருத்துவரே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, முறையாகக் கற்க வழியே இல்லையா? இருக்கிறது, நம் பக்கத்திலேயே. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பி.யூ.எம்.எஸ். படிப்பு நாலரை ஆண்டு, அதன்மேல் ஓராண்டு பயிற்சி மருத்துவம். நீட் தேர்வு எழுத வேண்டும். அதை முடித்தவர்கள் மேற்படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி மூன்று ஆண்டு எம்.டி. சேரலாம். பெங்களூரில் உள்ள தேசிய யூனானி மருத்துவ நிறுவனத்தில் 'இலாஜ் பித் தத்பீர்' என்றே ஒரு மேற்படிப்புத் துறை இருக்கிறது. ஹிஜாமா, அட்டை விடுதல், பிடித்துவிடுதல், ஆவிக் குளியல் போன்ற சிகிச்சைகளுக்கான துறை அது. விளம்பரக்காரர் மூன்று நாளில் தருவதாகச் சொல்வதை அங்கே ஒரு யூனானி மருத்துவர் மேலும் மூன்று ஆண்டு உட்கார்ந்து படிக்கிறார்.

யூனானிப் பாடநூல்கள் பெரும்பாலும் உருதுவில் இருப்பதால் தமிழ் பேசும் நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. ஆலிம் ஆக நாம் ஏழு ஆண்டு ஓதினோம். மூன்று நாளில் ஸனது வாங்கி வந்த ஒருவரைப் பின்னால் நின்று தொழ நம் ஜமாஅத் இமாமாக வைக்குமா?

இந்தப் படிப்பின் மதிப்பைச் சொல்ல ஹகீம் அஜ்மல் கான் பெயர் ஒன்றே போதும். டெல்லியில் அவர் எழுப்பிய திப்பியா கல்லூரியை 1921இல் காந்திஜி திறந்து வைத்தார். அங்கே நவீன வேதியியல் ஆய்வும் நடக்க வேண்டும் என்று ஹகீம் சாஹிப் விரும்பினார். ஜெர்மனியில் படித்துத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீகி அந்தப் பொறுப்பை ஏற்று, யூனானி வைத்தியர்கள் கையாண்ட சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். ஹகீம் சாஹிப் நினைவாக அதற்கு 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்புக் கோளாறு ஒன்றைக் கண்டறிய இன்றும் மருத்துவமனைகளில் அது பயன்படுகிறது. பாரம்பரியமும் ஆய்வுக்கூடமும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தச் சகோதரரிடம் இவற்றைச் சொன்னோம். பெண்களுக்குப் பெண்களே சிகிச்சை செய்ய வேண்டும் என்ற அவருடைய எண்ணம் நல்ல எண்ணம். நம் சமுதாயத்தின் தேவையும்கூட. அவர் மகள் பதிவு பெற்ற யூனானிப் பெண் மருத்துவர் ஒருவரிடம், அவருடைய மேற்பார்வையில் உதவியாகப் பணிபுரிந்து கற்கலாம் என்று யோசனை சொன்னோம். பயிற்சி நடத்துபவர்களிடம் கேட்கச் சொல்லி மூன்று கேள்விகளும் எழுதிக் கொடுத்தோம். கற்பிப்பவர் என்ன படித்தவர், எங்கே பதிவு செய்தவர்? பிளேடையும் கோப்பையையும் ஒருவருக்குப் பின் என்ன செய்வீர்கள், மஞ்சள் காமாலைக் கிருமி இரத்தம் வழியாகப் பரவுமே? யாருக்கெல்லாம் ஹிஜாமா செய்யக் கூடாது என்பதை எந்த நாளில் சொல்லித் தருவீர்கள்?

அந்தப் பிள்ளை தொலைபேசியில் கேட்டார். முதல் கேள்விக்குக் குழப்பமான பதில். இரண்டாவதற்கு, 'சுடுநீரில் கழுவிவிடுவோம்.' மூன்றாவதற்கு, 'எல்லோருக்கும் செய்யலாம் சகோதரி, நபிவழி வைத்தியத்தில் பக்க விளைவே கிடையாது' என்றார்களாம். ஸ்டென்ட் வைத்த பெரியவரின் கதை அவருக்குத் தெரியும். பணம் கட்டவில்லை. இப்போது தம் வார்டில் சேரும் ஒவ்வொருவரிடமும், வீட்டில் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு மருத்துவக் குறிப்பில் எழுதி வைக்கிறார்; முதல் வாரத்திலேயே சர்க்கரை மாத்திரையோடு மூன்று வகைப் பொடி சாப்பிட்ட ஒரு பாட்டி கிடைத்தார் என்று அவருடைய அத்தா சொன்னார்.

அவர் தம்பி பிளஸ் ஒன் படிக்கிறார். யூனானி படிக்க ஆசை வந்திருக்கிறது. மஃக்ரிபுக்குப் பின் நம்மிடம் உருது எழுத்துக் கற்க வருகிறார்.